தெரு நேராகத் தெரியும் நாற்காலி

மேடைப் பலகைகளில் வரைந்த தெரு நேராகத் தெரிய, அந்தக் கூடத்தில் ஒரே ஓர் இடம்தான் உண்டு: பிரபுவின் நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் வருமோ, அங்கிருந்து நூல் பிடித்துத்தான் என் தம்பி தெபால்தோ அத்தனை வீடுகளையும் வரைந்திருந்தான். பிடித்துப்போனால் அரண்மனை ஓவியன் வேலை அவனுக்கு. இல்லாவிட்டால் போட்டிக்கு நின்ற வெனிஸ்காரனுக்கு.

நாடகத்தன்று காலையில் பிரபுவுக்குக் காய்ச்சல். அவருடைய தாயார் அந்த இடத்தில் உட்காருவார் என்று சேதி வந்தது.

"போச்சுக்கா. அந்தம்மா என் தோளுக்குக்கூட வரமாட்டாங்க. அவங்க கண்ணுக்குத் தெரு மேட்டுல ஏறும்."

"நாற்காலிக்கு அடியில பலகை போடு."

"நீங்க குள்ளம்னு யாரு போய்ச் சொல்றது?"

"நீ சாயம் காஞ்சுதான்னு பாரு. நான் போறேன்."

அந்தம்மா பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தார். சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன். கத்தி நின்றது.

"ஏன் லொதோவிக்கா, என் மகன் அளவுக்கு நான் வளரலேங்கறியா?"

"தெருவ அவர் அளவுக்கு வரைஞ்சாச்சும்மா. இனிமே அத மாத்த முடியாது. நாற்காலிய மாத்தலாம்."

"கால் தொங்கும். ஊரே சிரிக்கும்."

"கால்மணை போட்டுடறேன். பாவாடை மறைச்சுக்கும்."

"சரி, மத்தவங்களுக்குத் தெரு எப்படித் தெரியும்?"

"தள்ளி உக்காரறவங்களுக்குக் கொஞ்சம் கோணலாத்தான் தெரியும்."

"மிலான் தூதருக்கு?"

"அவர் ஓரத்துல இருக்கார். கோயில் கோபுரமே பக்கத்து வீட்டு மேல சாயும்."

அவர் ஒரு துண்டைச் சாவகாசமாக மென்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நூல் வச்சிருக்கியா? அளந்துக்கோ. கண்ணு வரைக்கும் சரியா அள."

சாயங்காலம் மெழுகுவத்திகள் ஏற்றி, மேடையை மறைத்திருந்த திரையைக் கீழே விழவிட்டார்கள். மேடையின் பக்கவாட்டில் தெபால்தோ என் கையை நசுக்கினான். அந்தம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடைசிவரைக்கும் பார்த்தார்.

"கோபுரம் சாயற மாதிரி இல்லீங்களா?" என்றார் தூதர்.

"நீங்க உக்காந்திருக்கற இடம் அப்படி," என்றார் அந்தம்மா.

முதல் அங்கம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த வருஷத் தெருவ என் கண்ணுக்கு அளந்து வரையச் சொல்லு உன் தம்பிய."

"பிரபு வந்து உக்காந்தா?"

"குனிஞ்சு பாக்கட்டும்."