கீழ்வீட்டுச் சூடு

ஹலீனா தன் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர்களைத் திறந்து ஐந்து குளிர்காலம் ஆகிவிட்டது. பாவம், நடுங்கிக்கொண்டு கிடந்தாளோ என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். வெளியே பனி முழங்கால் அளவு கிடக்கும்போது அவள் உள்ளே வெறுங்காலோடு நடந்தாள். கீழே மூன்றாவது மாடியில் இருந்த டெக்லா, மூட்டுவலிக்காரி, தன் ரேடியேட்டர்களை முழுசாகத் திறந்துவிடுவாள். வூச் நகரத்தின் அந்தப் பழைய கான்கிரீட் கட்டடத்தில் தளம் ஆளைத் தாங்குமே தவிர, சூட்டைத் தடுக்காது. ஒவ்வொரு ரேடியேட்டர் மேலும் குட்டியாக ஒரு மீட்டர் ஒட்டியிருக்கும், அவரவர் மீட்டருக்கு அவரவர் பில். டெக்லாவின் மீட்டர் ஓடும், ஹலீனாவின் தரை சுடும்.

அதோடு விட்டாளா ஹலீனா? லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் வாயைக் கிளறுவாள்.

"என்னக்கா, உள்ளுக்குள்ள ரொட்டிக்கடை போட்டிருக்கீங்களா? பில்லு அப்படி வருதாமே."

"நீயும் ஒரு சுத்து திறந்து வெச்சா எனக்குப் பாதி குறையும் ஹலீனா. என் சூடெல்லாம் உன் வீட்டுக்குத்தான் வருது."

"வந்தா நான் என்னக்கா பண்றது? வெத்தல பாக்கு வெச்சு அழைச்சேனா?"

லிஃப்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டெக்லாவும் சேர்ந்து சிரித்தாள். அவள் சுபாவம் அது, பல பேர் அதில்தான் குளிர்காய்ந்தார்கள்.

ஐந்தாவது குளிர்காலத்துக்கு முந்தின அக்டோபரில் ஒருநாள் டெக்லா படியேறி வந்து கதவைத் தட்டினாள். எழுபத்தாறு வயது, ஒரு மாடி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"இந்த வருஷம் நானும் மூடிடலாம்னு இருக்கேன். பென்ஷன் மாத்திரைக்கே சரியாப் போகுது. நீ இத்தனை வருஷமா சமாளிக்கலையா? நானும் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பழகிக்கிறேன்."

ஹலீனா மனசுக்குள் கணக்குப் போட்டாள். கிழவி மூடினால் இவள் திறந்தாக வேண்டும். அறுபது வயதில் மறுபடியும் சூட்டுக்குக் காசு கொடுப்பதா? டெக்லாவை உட்காரவைத்து, எலுமிச்சை போட்ட டீ கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த முட்டியை வெச்சுக்கிட்டு மூடுறேங்கிறீங்களே, செத்துப்போயிடுவீங்கக்கா. யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஒரு வழி சொல்றேன். துண்டை நனைச்சு மீட்டர் மேல போட்டுடுங்க. காயக் காய நனைச்சுக்கிட்டே இருங்க. மீட்டர் குளிர்ந்து கிடக்கும், எண்ணவே எண்ணாது. நீங்க பாட்டுக்கு முழுசாத் திறந்து விடுங்க."

ஈரத்துண்டு வித்தை பொய்யில்லை. பழைய மீட்டரில் திரவம் நிரப்பிய கண்ணாடிக்குழாய் இருந்தது, அதைக் குளிரவைத்தால் கணக்கு குறையும், ஊரே அதைச் செய்தது. ஆனால் அந்தக் கோடையில் எல்லா வீட்டிலும் புது மீட்டர் மாட்டியாகிவிட்டது. அன்றைக்கு டெக்லா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் சாவியை வைத்திருந்த ஹலீனாதான் மெக்கானிக்குக் கதவைத் திறந்துவிட்டாள். அவன் தெளிவாகச் சொன்னான்: "இதுல துண்டு வேலையெல்லாம் காட்டாதீங்கம்மா. இது ரேடியேட்டரையும் பார்க்கும், ரூமையும் பார்க்கும். குளிர வெச்சீங்கன்னா, ரூம் உறைஞ்சு கிடக்குதுன்னு நினைச்சு கூடுதலா எண்ணும்." கேட்டது ஹலீனா ஒருத்திதான்.

டெக்லா அந்தக் குளிர்காலம் முழுக்க ராணி மாதிரி இருந்தாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை துண்டை நனைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆப்பிள் கேக் செய்து எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். "உன்னைப்போல ஒருத்தி பக்கத்துல இருக்கிறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று கன்னத்தில் முத்தம் கொடுப்பாள். ஹலீனாவுக்கு மனசு உறுத்தியதா என்றால், உறுத்தியது. கேக் தீருகிற வரைக்கும்.

மே மாதம், குளிர்காலம் முழுசுக்குமான பில் வந்தது. டெக்லா அதைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிராமத்திலிருந்து அவள் அண்ணன் மகன் ரிஷார்ட் வந்து கடனை அடைத்தான். அடைத்த கையோடு ஃபிளாட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கி, விற்று, அத்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். வாங்கியவர் நார்வேயில் வேலை பார்ப்பவர். ரேடியேட்டர்களை அடைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போனார்.

நவம்பரில் ஹலீனாவின் கால் தரையில் பட்டதும் குளிரில் சுரீரென்றது. ஒரு வாரம் பல்லைக் கடித்துப் பார்த்தாள். பிறகு ரேடியேட்டரைத் திறந்தாள். திருகு சுற்றியது, இரும்பு சுடவில்லை. ஐந்து வருஷம் மூடியே கிடந்ததில் உள்ளே எல்லாம் ஒட்டிப் போயிருந்தது. அறைக்கு அறை குறடு வைத்து முறுக்கினாள், அத்தனை திருகும் உடைந்தன.

"இனிமே மாத்தணும்னா மொத்தக் கட்டடத்துத் தண்ணியையும் வடிக்கணும்" என்றான் பிளம்பர். "குளிர்காலத்துல சொசைட்டி ஒத்துக்காது. ஏப்ரல்ல பார்க்கலாம்."

கரண்ட் ஹீட்டர் ஒன்று வாங்கினாள். மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்து அன்றைக்கே அணைத்துவிட்டாள். கோட்டும் பூட்ஸுமாகப் படுத்தாள்.

ஜனவரியில் ஒருநாள் வாசல் மணி அடித்தது. சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். டெக்லா. பாதியாக இளைத்திருந்தாள், கையில் கேக் டப்பா.

"என் வீட்டுக்காரரோட நினைவு நாள், கல்லறைக்கு விளக்கேத்த வந்தேன். உன்னைப் பார்க்காம போக மனசு வரல." டப்பாவை இடுக்கு வழியாக நீட்டினாள். "என்மேல வருத்தமா இருக்கியோன்னு நினைச்சேன். நீ சரியாத்தான் சொன்னே. எனக்குத்தான் கை நடுங்குது, துண்டை ஒழுங்கா நனைச்சிருக்க மாட்டேன்."

ஹலீனா டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு கேட்கணும்" என்றாள் டெக்லா. "ரிஷார்ட் பொண்டாட்டி என்னைத் தோட்டத்துக் கொட்டகையில படுக்க வெச்சிருக்கா. குளிர்காய அடுப்பு கிடையாது. போன வாரம் தண்ணிக் குவளை உறைஞ்சிருந்துச்சு. வசந்தம் வரைக்கும் ஒரு மூலை குடும்மா. தரையிலகூடப் படுத்துக்கிறேன்."

இன்னொரு உடம்பு இருந்தால் அறை கொஞ்சம் சூடாகும் என்று ஹலீனாவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த உடம்பு சாப்பிடும், இருமும். எந்த மெக்கானிக்காவது என்றைக்காவது வந்து துண்டு விஷயத்தில் வாயைத் திறந்தாலோ?

"இங்க முடியாதுக்கா. இங்க ரொம்பக் குளிருது."

இத்தனை வருஷத்தில் டெக்லாவிடம் அவள் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"உன் தரை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாம்மா" என்றாள் டெக்லா. "வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லலாமே."

ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மூன்றாவது மாடியில் காலடிச் சத்தம் நின்றது, பிறகு தொடர்ந்தது. ஹலீனா கதவைச் சாத்திவிட்டு, கையுறையைக் கழற்றாமலே கேக் டப்பாவைத் திறந்தாள்.