வெள்ளை பல்பு

போன முறை கோழிக்குஞ்சுகள் குளிரில் செத்தன. எங்கள் பக்கம் குளிர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அந்தத் தைரியத்தில் மச்சான் விளக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நமக்கு இதமாக இருக்கிற காற்று, நேற்றுப் பொரிந்த குஞ்சுக்குப் பனிக்கட்டி. சூடு தேடி மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் கிடந்தவை நசுங்கிச் செத்தன. மச்சான் என் மனைவியின் அண்ணன். கொட்டகை அவருடையது. பழி என்னுடையது.

“இந்தத் தடவையும் செத்துச்சுன்னா நீ கிளம்பிடு மாப்பிள்ளை. தங்கச்சி இங்கயே இருக்கட்டும். அவளுக்குச் சோறு போட எனக்குத் தெரியும்.”

அதனால் இந்த முறை நான் சிவப்பு பல்பு ஒன்றைத் தூக்கிக் கட்டி வைத்திருந்தேன். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் கண்ணில் படாது, குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தாது. காலையில் தீனி வாளியோடு உள்ளே போனால், அது தரையில் கிடக்கிறது. அதன் இடத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு வெள்ளை பல்பு, குஞ்சுகளின் தலையில் இடிக்கிற மாதிரித் தொங்குகிறது. பக்கத்தில் மச்சான் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.

“இப்ப எப்படிச் சாகும்னு பார்க்கறேன்.”

பல்புக்கு அடியில் ஒரு குஞ்சுகூட இல்லை. எல்லாம் சுற்றியிருந்த தகரத்தில் ஒட்டிக்கொண்டு, அலகைத் திறந்து இரைத்தன. அந்தப் புழுக்கத்திலும் வெளிச்சத்திலும் வெறி பிடித்து ஒன்றையொன்று கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றின் பின்புறத்தில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. அவ்வளவுதான், கூட்டமே அதன் மேல் விழுந்தது. ஒரு குஞ்சு அதன் குடலைக் கவ்விக்கொண்டு ஓட, மற்றவை பிடுங்கத் துரத்தின. குடலுக்குச் சொந்தக்காரக் குஞ்சு இன்னும் நின்றுகொண்டிருந்தது.

“வேகுது மச்சான்! அணைங்க!”

“கை வச்ச, கையை ஒடிச்சிடுவேன்.”

நான் ஒயரைப் பிடித்து இழுத்தேன். அவர் அறைந்த அறையில் காது அடைத்தது. ஒயரை விடவில்லை. பல்பு தூணில் மோதி வெடித்தது. கண்ணாடிச் சில்லு என் புருவத்தில் இறங்கியது. அவர் என் கழுத்தைப் பிடித்து, தரையில் பரப்பியிருந்த மரத்தூளில் முகத்தை அமுக்கினார். என் தோளுக்கு அடியில் மெத்தென்று எதுவோ நொறுங்கியது. இன்னொன்று. கைக்குத் தீனித் தட்டு அகப்பட்டது. திரும்பிப் படுத்து, அவர் மூக்கில் ஓங்கி இறக்கினேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்கு நன்றாகவே இருந்தது.

தடுமாறி எழுந்தார். மூக்கிலிருந்து ரத்தம் அவர் கால்விரல்களில் சொட்டியது. குஞ்சுகள் ஓடிவந்து விரல்களைக் கொத்தின.

“ஐயோ, என்னையத் தின்னுதுடா!” என்று அலறிக் காலை உதறினார். ஒரு குஞ்சு பறந்துபோய்த் தகரத்தில் அடித்து விழுந்தது.

அப்போதுதான் என் மனைவி வந்தாள். தரையைப் பார்த்தாள். சாணி அள்ளுகிற தகரக் கரண்டியை எடுத்து, முதலில் அண்ணன் முதுகில் ஒன்று, அப்புறம் என் முதுகில் ஒன்று. எனக்கு விழுந்ததுதான் பலமானது.

“ரெண்டு எருமையும் வெளிய போங்க!”

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். உள்ளே முதலில் ஒரே கீச்சுக் கீச்சு. அவள் எதையோ இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. கதவின் இடுக்கில் சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. போகப்போகக் கீச்சு தணிந்து, முணுமுணுப்பு மட்டும் மிஞ்சியது.

“என்ன, எல்லாம் செத்துப்போச்சா?” மச்சான் சட்டையால் மூக்கைப் பொத்தியபடி கேட்டார்.

“சூடு சரியா இருக்குது. அதான் அடங்கிடுச்சு.”

“பெரிய இவன். செத்ததை எண்ணிட்டு நீ கிளம்பற வழியைப் பாரு.”

“அவ வரட்டும்.”

“அவ வரமாட்டா. என் ரத்தம்.”

கதவு ஒரு சாண் திறந்தது.

“விளக்கை உசத்திக் கட்டணும். எனக்கு எட்டலை. ஒரு ஆள் வேணும்.”

மச்சான் சுவரைப் பிடித்து எழுந்தார்.

“நீ இல்லண்ணே. இனிமே இந்தக் கதவுக்கு உள்ள நீ வராதே” என்றாள். கரண்டி இன்னும் அவள் கையில் இருந்தது. “என்னங்க, வாங்க. காலைத் தூக்கி வைக்காதீங்க, குஞ்சு மிதிபடும். தேய்ச்சுத் தேய்ச்சு வாங்க.”

நான் காலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனேன்.