ஒன்பதாம் நம்பர் ஜெர்சி

ஆட்டம் முடிந்ததும் சேற்று ஜெர்சிகளை யாராவது ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து வரவேண்டும் என்பது அந்தக் கல்லூரி உதைபந்தாட்டக் குழுவின் வழக்கம். முறைவைத்துத்தான் தொடங்கினார்கள். எழுபத்தாறாம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்சிகள் நிறைந்த கன்வஸ் பை முதன்முறையாக வென்ட்வேர்த்வில்லுக்கு, கடல் கடந்து வந்து குடியேறிய சேகரின் வீட்டுக்கு வந்தது. தங்கை யோகா கறை போகத் துவைத்து, இஸ்திரி போட்டு, நம்பர் வரிசையில் மடித்து அனுப்பினாள். அதோடு முறை என்ற பேச்சே எடுபட்டுப் போயிற்று.

யோகாவுக்குப் பதினேழு வயது. ஆங்கிலம் வாசிக்க எழுந்தாலே வகுப்பு சிரிக்கிறது என்று போன வருடம் பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக்கு வெளியே அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. அந்த ஊரின் நடுவருடக் குளிர்காலம் முழுவதும் பின்புறச் சீமெந்துத் தொட்டியில் விரல் விறைக்க விறைக்கப் பதினொரு ஜெர்சியையும் தேய்த்தாள். ஒன்பதாம் நம்பரைக் கடைசியில்தான் எடுப்பாள். அது அண்ணனுடையது. குழு போட்ட இருபத்திரண்டு கோலில் பதினான்கு அவன் கால்பட்டுப் போனவை.

கடைசி லீக் ஆட்டத்தில் வென்று இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை சேகர் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தான்.

“ஃபைனலுக்கு நான் இல்லை.”

எட்டு லீக் ஆட்டமாவது ஆடியவன்தான் இறுதியாட்டத்தில் இறங்கலாம் என்பது விதி. சேகர் பதினான்கும் ஆடியிருந்தான். ஆனால் ஆட்டச் சீட்டை அவனே நிரப்பிய நாட்களில் கே. சேகர் என்று எழுதியிருந்தான். அப்படி ஏழு. குழுச் செயலாளன் பார்ட்லெட் நிரப்பிய நாட்களில், குடும்பப் பெயர் இதுதான் என்று அப்பாவின் பெயரைப் போட்டு, எஸ். கிருஷ்ணசாமி என்று எழுதியிருந்தான். அப்படியும் ஏழு. பட்டியலில் இப்போது இரண்டு பேர். இரண்டு பேருக்கும் தகுதி இல்லை.

செவன் ஹில்ஸ் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்த அப்பா சிரித்தார். “அப்ப நானும் ஏழு மாச் விளையாடியிருக்கிறன். முழங்கால் ஏன் நோகுதெண்டு இப்பதான் விளங்குது.”

யோகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “ரெண்டும் ஒரே ஆள் எண்டு நீ சொல்லேல்லையே?”

“பார்ட்லெட்டிட்டச் சொன்னனான். எழுதினது எழுதினதுதானாம்.”

“அவன்தானே எழுதினவன்?”

“ஓம்.”

“உன்ர இடத்தில ஆர்?”

சேகர் சப்பாத்து நாடாவைப் பார்த்தான். “அவன்ர தம்பி.”

“பெஞ்சில இருந்து தோடம்பழம் திண்டவனோ?”

“கடைசிப் பத்து நிமிஷம் இறங்கினாலும் ஒரு மாச்தான். அவனுக்கு எட்டு இருக்கு. விடு யோகா. என்னை லைன்ஸ்மனா நிக்கச் சொல்லியிருக்கினம். ஓமெண்டு சொல்லிப்போட்டன்.”

கொடி பிடிக்கிறானாம். பார்ட்லெட் செய்தது வயிற்றை எரித்ததென்றால், இது நெஞ்சுவரைக்கும் எரித்தது. யோகா பின்புறம் போனாள். பைக்குள்ளிருந்து ஒன்பதாம் நம்பரை மட்டும் உருவி, தொட்டிக் கல்லில் அடி அடியென்று அடித்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். மற்றப் பத்தையும் ஈரச் சேற்றோடு உள்ளே தள்ளி, பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

சனிக்கிழமை பையைத் தூக்கிய சேகர், “என்ன இது, பாரமாக் கிடக்கு?” என்றான்.

“நானும் வாறன்,” என்றாள். ஒரு ஆட்டத்துக்கும் வராதவள் வருகிறாளே என்ற ஆச்சரியத்தில் அவன் பையை மறந்துபோனான்.

மைதானத்தில், உடைமாற்றும் அறை வாசலில் வைத்துப் பார்ட்லெட் பையை அவிழ்த்தான். ஒரு கிழமைப் புளிப்பு நாற்றம் எழும்பியது. பொடியன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். பூஞ்சணம் பிடித்த ஜெர்சிகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் தூக்கிப் பார்த்தவன், ஒன்பது எங்கே என்று சேகரிடம் கேட்டான்.

யோகா முன்னால் வந்தாள். வகுப்பு சிரித்த அதே ஆங்கிலத்தில் சொன்னாள்: “நீங்கள் எழுதியபடி இவர் இரண்டு பேர். எந்த ஆளிடம் கேட்கிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பார்ட்லெட்டின் காது சிவந்தது. இது சின்னத்தனம் என்றான்.

“ஓம்,” என்றாள் யோகா, தமிழிலேயே.

சேகர் அவளை ஒருபக்கமாக இழுத்தான். “என்னை ஒரு வார்த்தை கேட்டனியே?”

“உன்னை அவங்கள் கேட்டவங்களே?”

பார்ட்லெட்டின் தம்பி நம்பரில்லாத பழைய பனியன் ஒன்றைத் தலைவழியே மாட்டிக்கொண்டிருந்தான். நடுவர் விசில் ஊதிக் கூப்பிட்டார். சேகர் கையிலிருந்த கொடியையும் சேற்றுப் பையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கொடியைப் பைமேல் வைத்தான்.

“அடுத்த ட்ரெயின் எத்தினை மணிக்கு?”

யோகா ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். செவ்வாய்க்கிழமையே கேட்டிருக்க வேண்டியது; நாலு நாள் பிந்தின கேள்வி அது.