கிடங்கில் திறக்காத பக்கம்

நான் மூட்டை தூக்குகிறவன். நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, கிடங்கு வாசலில் வண்டி எண் பதிகிற நாற்காலி மேல் எனக்கு ஒரு கண். அந்தப் பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறார்கள், ஏதாவது செய்து காட்டு, பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுத்தரும் ஞாயிறு காலை இலவச ஜாவா வகுப்பில் சேர்ந்தேன். மறுநாளே கிடங்கில் என் பெயர் ‘வாத்தியார்’ ஆகிவிட்டது.

நிரல் எழுதுகிற ஐ.டி.இ. மென்பொருளைத் திறந்து, ப்ராஜெக்ட் தொடங்கி, பக்கத்தைப் பிரவுசருக்கு அனுப்புகிற டாம்கேட் சர்வரைச் சேர்த்து, ஒரு சர்வ்லெட் எழுத எனக்கு ஐந்து ஞாயிறு பிடித்தது. பிரவுசர் கேட்பதற்குப் பதில் சொல்லும் நிரல்தான் சர்வ்லெட். வண்டி எண்ணைத் தட்டினால் ‘உள்ளே வந்தது’ என்று என்னுடையது சொன்னது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரையின் மேலே இருந்த பக்க முகவரியை, லோக்கல்ஹோஸ்ட் என்பதில் தொடங்கி ஒரு புள்ளி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்குப் பின் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர் எங்களோடு படிக்கிற தையல்காரம்மா.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் அறையில் அந்த முகவரியைத் தட்டினேன். பக்கம் வரவில்லை. மறுபடி தட்டினேன். ஜன்னலில் மூட்டை தூக்குகிறவர்களின் நான்கு தலைகள்.

“என்ன வாத்தியாரே, பக்கம் இன்னைக்கு லீவா?” என்றான் பொடியன் என்று நாங்கள் கூப்பிடுகிறவன். ஆறடி உயரம் அவன்.

சிரித்தார்கள். காது சுட்டது. அப்போதுதான் அதைச் சொன்னேன்:

“நேத்து இருந்துச்சு சார். எனக்கப்புறம் உக்காந்த பொம்பளதான் அழிச்சிருக்கணும்.”

சூப்பர்வைசருக்கும் வகுப்பு எடுப்பவருக்கும் பழக்கம். நான் நிற்கும்போதே போன் போட்டுவிட்டார். வேண்டாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு தையல்காரம்மா கம்ப்யூட்டர் இல்லாமல் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விசாரித்து முடிக்கிறவரை எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். வகுப்பு எடுக்கும் சார் நான் பயன்படுத்திய கம்ப்யூட்டரைத் திறந்தார். ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது. சர்வர்தான் ஓடாமல் நின்றுபோயிருந்தது. ரன் கொடுத்ததும் பக்கம் வந்து நின்றது.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் இந்தக் கம்ப்யூட்டர் தன்னையே குறிப்பது, கிடங்கில் தட்டினால் கிடங்குக் கம்ப்யூட்டர் தனக்குள்ளேதான் தேடும், அங்கே உன் சர்வ்லெட் எப்படி இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

தையல்காரம்மாவிடம் போனேன். தப்புப் பண்ணிட்டேம்மா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இங்க சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. உங்க சூப்பர்வைசர் வீட்டுத் துணியும் எங்கிட்டதான் வருது. மூணு நாளா அங்கேருந்து யாரும் வரல.”

அங்கேயே சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். தையல்காரம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தம்மா எதையும் அழிக்கவில்லை, எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை, தெரியாததை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு அவர் மேல் பழி போட்டேன் என்று சொன்னேன்.

“சரி. அந்தம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்கு ரெண்டு லாரி வருது, நீ லோடுக்கே வந்துரு” என்றார்.

வாசல் நாற்காலி வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வாய் வருமா?

தையல்காரம்மா எழுந்து போய் என் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். திரையில் இன்னும் என் பக்கம் இருந்தது.

“இதை மூடலாமா? அப்புறம் அழிச்சேன்னு சொல்லிறப் போறீங்க.”

மூடுங்கம்மா என்றேன். நின்றபடியே, அவர் அதை மூடுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.