தராசுக்காரர் வீட்டில் விட்டுப்போன மூட்டை

நான்காவது நெடும்பயணத்துக்குக் கிளம்பிய காலையில், தராசுக்காரர் தன் பயத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். எடை போட்டதில் அது பதினான்கு கிலோ இருந்தது. நனைந்து பாதி காய்ந்த கம்பளியைச் சுருட்டி வைத்ததுபோல, சாம்பல் நிறத்தில், தொட்டால் லேசான சூட்டோடு கூடத்து மூலையில் கிடந்தது. ஒரு டாங்க் பெட்ரோலைவிட அதிக எடை, இத்தனை வருடமும் இதைச் சும்மா சுமந்திருக்கிறோமே என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். மனைவியிடம் அதன்மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கைவீசிக்கொண்டு படியிறங்கினார்.

கடைகளிலும் கிடங்குகளிலும் இருக்கும் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். வருடம் முழுக்கப் பிறர் பொருளின் எடையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தன் வண்டியின் எடை பொறுக்க முடியாத விஷயமாகிவிட்டது. வருடத்தில் ஒரு மாதம் பைக்கில் ஏறி, நாட்டின் ஒரு கோடிக்குப் போய்விட்டுத் திரும்புவார். மற்றவர்கள் கூடாரம், அடுப்பு, மழைக்கோட்டு என்று வண்டியை ஒரு வீடாகவே மாற்றிக்கொண்டு போவதைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். அவர் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்தார். சட்டையில் இரண்டு பித்தான்கள் அநாவசியம் என்று பிய்த்துப் போட்டார். சீட்டுக்குள் இருந்த ஸ்பாஞ்சை உருவி எறிந்துவிட்டு, உட்காரும் இடம் மரத்துப்போகும்வரைதான் கஷ்டம், அதற்கப்புறம் சொகுசுதான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார்.

வண்டியில் கழற்ற ஒன்றும் மிச்சமில்லாதபோது தன்னிடமிருந்து கழற்ற ஆரம்பித்தார். இரண்டாவது பயணத்தில் பசியைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனார். மூன்றாவதில் தூக்கத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். கூட்டும்போது துடைப்பம் அதன்மேல் பட்டு, அவர் மனைவி நின்ற நிலையிலேயே சாயங்காலம்வரை தூங்கினாள். திரும்பி வந்ததும் அவர் செய்ய வேண்டியதெல்லாம் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வதுதான், உடனே ஒட்டிக்கொள்ளும். பசியை அணைத்துக்கொண்ட அன்று வீட்டில் இருந்த ரொட்டி போதாமல் பக்கத்து வீட்டிலும் போய்க் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் அவள் பழகிவிட்டாள். பயமும் அப்படித்தான் ஒரு மாதம் மூலையில் கிடக்கும் என்று நினைத்தாள்.

அவள் வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது. கை நடுங்கக் கூடாத வேலை. பயம் வந்த முதல் வாரத்திலேயே கை நடுங்கியது. வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போவாள், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். மாடி வீட்டுக்காரர் படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தபால்காரர் கதவருகே வராமல், தெருவிலிருந்தே கடிதத்தை வீசிவிட்டுப் போனார். போன் அடித்தால் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கடைசி மணிக்குத்தான் எடுத்தாள். போனில் அவர் குரலோ நாளுக்கு நாள் உற்சாகமாகிக்கொண்டே வந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் படுத்துக் கால் நீட்டினாராம். கற்கள் உருண்டுகொண்டிருந்த சரிவில், எல்லோரும் நின்றபோது அவர் மட்டும் போய்விட்டாராம். வழியில் ஹெல்மெட்டை யாருக்கோ கொடுத்துவிட்டாராம், தலைக்குக் காற்றோட்டமாக இருக்கிறதாம். நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் இதையெல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிடுவாள்.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. திரும்பும் வழியில் மலையுச்சிவரை வந்துவிட்டார். மண் சரிந்ததால் மலைச்சாலைக் கேட்டை மூடி வைத்திருக்கிறார்கள், நாளை மறுநாள் காலையில்தான் திறப்பார்கள்.

"நல்லதுதான், சும்மா இருக்கிற நேரத்துல முன் பிரேக்கக் கழட்டிட்டேன்" என்றார். "டிஸ்க், கேலிப்பர் எல்லாம் சேர்த்து மூணு கிலோவுக்கு மேல. இந்த ட்ரிப்ல அதை ஒரு தடவைகூடத் தொடவே இல்ல. எதுக்கு வெட்டியா?"

"இனிமே முழுக்க இறக்கம்தானே" என்றாள் அவள். 

"அதான். இன்ஜினையும் அணைச்சுட்டு இறங்கப் போறேன். பெட்ரோல் மிச்சம்."

பேசிப் புரியவைக்கலாம் என்று அவள் நினைக்கவே இல்லை. புரிந்துகொள்ள வேண்டியது மூலையில் கிடந்தது. அதைக் கொண்டுபோய் அவர்மேல் ஒட்டினால்தான் மனிதர் பிழைப்பார்.

பக்கத்துத் தெருவில் இருந்த தம்பியை வரச் சொன்னாள். பொருள் டெலிவரி செய்பவன், பகல் முழுக்கப் பைக்கிலேயே இருப்பவன். மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பியவன் தெருமுனை வளைவில் நின்றுவிட்டான். எதிரே ஒரு தண்ணீர் லாரி வருகிறது, அது போகட்டும் என்றான். லாரி போன பிறகு, அதற்குப் பின்னால் இன்னொன்று வரலாம் என்றான். நெற்றியெல்லாம் வேர்த்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான்.

"என்னால முடியாதுக்கா. இத வச்சுக்கிட்டு மனுஷன் ஓட்டுவானா?"

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். மறுநாள் விடிகாலையில் கிளம்பும் முன் மூட்டையைக் கூடத்துத் தராசில் வைத்துப் பார்த்தாள், பெட்ரோல் எவ்வளவு செலவாகும் என்று தெரிய வேண்டும். இருபத்தாறு காட்டியது. தராசு பொய் சொல்லும் வீடல்ல அது. தண்ணீர் படவில்லை, வேறு எதையும் அவள் அதில் வைக்கவில்லை. ஏறிய பன்னிரண்டு கிலோ யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு மூட்டையைத் தன் முன்னால் டாங்கின்மேல் வைத்து, இடுப்போடு ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மாற்றுத்துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விஷயத்தில் அவர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

நெடுஞ்சாலையில் ஒவ்வொரு லாரியும் அவளை நோக்கியே வந்தது. பாலங்கள் இடியப்போகும் பாலங்களாகத் தெரிந்தன. ஆனால் ஒரு மாதம் இதோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவள் அவள். அது சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டாள், ஆனால் வண்டியை மட்டும் நிறுத்தவில்லை. சாலையில் கிடந்த ஒவ்வொரு சரளைக்கல்லும் தெரிந்தது, புதரிலிருந்து நாய் குறுக்கே ஓடுவதற்கு முன்பே தெரிந்தது. இத்தனை பயத்தோடு அந்தச் சாலையில் யாரும் ஓட்டியதில்லை, இத்தனை ஒழுங்காகவும் ஓட்டியதில்லை. இரவை ஒரு பெட்ரோல் பங்க்கின் பெஞ்சில் உட்கார்ந்து கழித்தாள். பங்க் ஊழியர்கள் இரண்டு பேரும் காரணம் தெரியாமல் தீயணைப்பு வாளிகளில் மணல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் காலையில் அவள் அடிவாரம் சேர்ந்தபோது கேட்டை அப்போதுதான் திறந்தார்கள். உச்சியிலும் அதே நேரத்தில்தான் திறப்பார்கள் என்று காவலாளி சொன்னார். அவள் ஏறத் தொடங்கினாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. வெள்ளையடித்த கற்கள் மட்டும் வரிசையாக நட்டிருந்தன. அவர் இன்ஜின் சத்தம் கேட்காது என்பது ஞாபகம் வந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே போனாள்.

ஏழெட்டு வளைவுகள் ஏறியபின் அவரைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல், முடி பறக்க, ஒரு கையை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீ எங்க இங்க?" என்று சந்தோஷமாகக் கேட்டபடியே கடந்து போய்விட்டார்.

அவள் வண்டியைத் திருப்பிய வேகத்தில் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது, அது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது. இறக்கத்தில் அவரைத் துரத்தினாள். நிறுத்து, நிறுத்து என்று வயிற்றோடு கட்டியிருந்த அத்தனை கிலோவும் கத்தியது. அவள் ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினாள். அடுத்த வளைவு தெரிந்தது, அதற்கப்பால் ஆகாயம் மட்டுமே தெரிந்தது. பள்ளத்தின் பக்கமாகத்தான் இடம் இருந்தது. அந்தப் பக்கமாகவே போய் அவருக்கு இணையாக வந்தாள். இடது கையால் கயிற்றின் கொக்கியை அவிழ்த்து, மூட்டையைப் பலங்கொண்ட மட்டும் அவர் மடிமேல் தள்ளினாள்.

மூட்டை நெஞ்சில் பட்டதும் அவர் வலது கால் தானாகவே பின் பிரேக்கை மிதித்தது. டயர் கிறீச்சிட்டு, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டுபோய், வெள்ளைக் கல் ஒன்றில் முட்டி நின்றது. அவர் விழவில்லை. இறங்கவும் முடியவில்லை. கல்லுக்கு அப்பால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, முன் சக்கரத்தைப் பார்த்தார்.

"முன் பிரேக்க யாரு கழட்டினது?"

"நீங்கதான்."

அவர் பல் கிடுகிடுவென்று அடித்தது. ஒரு மாதப் பயம் மொத்தமாக வந்து சேர்ந்தது. பாலத்துச் சுவர், உருண்ட கற்கள், கொடுத்துவிட்ட ஹெல்மெட் எல்லாம் ஒவ்வொன்றாக அப்போதுதான் அவருக்கு நடந்தன. அவள் அவரை இறக்கிப் பாறையோரம் உட்கார வைத்ததும், மூட்டையை மடியில் தூக்கிப் பார்த்தார். எத்தனை கிலோ என்று கையே சொல்லிவிடும் ஆள் அவர். தன்னுடையது இவ்வளவு இல்லை, அதனால்தான் முழுக்க ஒட்டாமல் மூட்டையாகவே கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கை நடுங்காமல், அவர் வண்டியை ஓரங்கட்டிப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"இத வச்சுக்கிட்டா இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தே?"

அவள் பூட்டின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். அழுகை வந்தது, இறக்கத்தில் அழுதால் கண் தெரியாது என்று அடக்கிக்கொண்டாள். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, இரண்டு பிரேக்கும் இருந்த தம்பியின் வண்டியில், நடந்து போகிறவர்களின் வேகத்தில் இறங்கினாள். மூட்டை இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்கார்ந்ததுபோல இருந்தது. அவர் அதைக் கட்டிப் பிடித்திருந்தார்.

அடிவாரக் கேட்டில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். டூவீலரில் மூன்று பேர் போகக் கூடாது என்றார். கிட்டே வந்து பார்த்தவர், தன்னையறியாமல் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார். இந்த மாதிரி அவர் நிறையப் பார்த்திருப்பார்போல, என்ன என்று கேட்கவில்லை. யாருடையது என்று மட்டும் கேட்டார்.

பாதிக்குப் பாதி என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னோடது சார். முழுசும் என்னோடதுதான்."

மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு போலீஸ்காரர் கேட்டைத் தூக்கினார்.

அடுத்த வருடத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள். கண்ணாடிக்கடையில் அவளுக்கு ஒரு மாத விடுப்பு கொடுக்கிறார்கள், கடை முதலாளிக்கும் விஷயம் தெரியும். ஒரு நாள் அவர் ஓட்டினால் மறுநாள் அவள் ஓட்டுகிறாள். ஓட்டுகிறவர்தான் மூட்டையை முன்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. பின்னால் உட்காருகிறவர் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு வரலாம். மலை இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.