தொண்ணூற்றோராம் நாள்

பேருந்து நிலையத்தின் ஏழாம் நடைமேடைக்குப் பின்னால், கழிப்பறைக்கும் டயர் அடுக்கி வைத்திருக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஓர் அறை இருக்கிறது. 'தவறவிட்ட பொருள்கள்' என்று பலகை மாட்டியிருக்கும். அங்கே கம்பி வைத்த ஜன்னலுக்கு உள்பக்கம் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிற அம்மாளுக்கு டிரைவர்களும் கண்டக்டர்களும் வைத்திருக்கிற பெயர் 'கிடைக்காதக்கா'. பெயரில் குற்றம் சொல்ல முடியாது. யார் வந்து ஜன்னலில் முகத்தைக் காட்டினாலும், என்ன பொருள், எந்த பஸ் என்று கேட்பதற்கு முன்னாலேயே, "கிடைக்காதுங்க. கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகுதான் எழுந்து அலமாரிப் பக்கம் போவாள்.

கெட்ட மனசெல்லாம் இல்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். அவள் கணக்கு வேறு. கிடைக்காது என்று சொல்லிவைத்தால், கிடைக்காதவனுக்கு வலி குறையும். கிடைத்தவனுக்குச் சந்தோஷம் இரட்டிப்பாகும். யாருக்கு என்ன நஷ்டம்? முன்கூட்டியே தலையணை போட்டு வைப்பது மாதிரி என்று ஒருமுறை கண்டக்டர் ஒருவரிடம் விளக்கம் கூடச் சொன்னாள். அவர், "அக்கா, விழறதுக்கு முன்னாடியே நீங்களே தள்ளியும் விட்டுடறீங்களே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அறையின் நடைமுறை எளிது. பஸ்ஸைக் கழுவுகிறவர்கள் சீட்டுக்கு அடியில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதிய சீட்டுக் கட்டி, குடைக்குக் குடை அலமாரி, பைக்குப் பை அலமாரி என்று பிரித்து வைப்பாள். தொண்ணூறு நாள் வரை யாரும் வராவிட்டால் சாக்கில் போட்டுக் கட்டிவிட வேண்டும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

அந்த டெய்லர் முதலில் வந்தது ஒரு வியாழக்கிழமை. மெலிந்த மனிதர், கழுத்தில் அளவு டேப் தொங்குவதை மறந்தே வந்திருந்தார். நீலத் துணிப்பையில் வைத்திருந்த அளவு நோட்டைக் காணோம் என்றார். இருபது வருட வாடிக்கைக்காரர்களின் அளவுகள் அதில்தான் இருக்கின்றனவாம். "சில பேருக்கு இப்போ எழுந்து நிக்கவே முடியாது மேடம். படுத்திருக்கிறவங்களுக்கு அந்த நோட்டை வெச்சுத்தான் தைக்கிறேன்." அவள் வழக்கமான மந்திரத்தைச் சொன்னாள், பை அலமாரியைப் பார்த்தாள், நீலப்பை இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பெயர், போன் நம்பர் எழுதும் படிவத்தை அவள் நீட்டவில்லை. கிடைக்காத பொருளுக்கு எதற்குப் படிவம்?

இரண்டு வாரம் கழித்து நூல்கண்டு வாங்க அந்தப் பக்கம் வந்த டெய்லர் அப்படியே ஜன்னலிலும் தலையை நீட்டினார். மறுபடி இரண்டு வாரம் கழித்து. ஆறாவது தடவை அவர் வந்தபோது அவளுக்கே தாங்கவில்லை.

"சார், இனிமே வராதீங்க. வீண் அலைச்சல். கிடைக்காது."

அவர் கோபப்படவில்லை. ஜன்னல் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு, ஏதோ புதுத் துணியைத் தடவிப் பார்க்கிறவர் போல யோசித்தார். "ஒண்ணு கேக்கலாமா மேடம்? நூறு பேர் இங்க வந்து கேட்டா, எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"பத்துப் பதினஞ்சு பேருக்குக் கிடைச்சா பெருசு."

"எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

"எண்ணிப் பாக்கறதுக்கு என்ன இருக்கு? பதினோரு வருஷமா பாக்கறேனே."

"நான் முப்பது வருஷமா பாக்கறேன். இருந்தாலும் கண்ணளவுல துணியை வெட்ட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சு அவள் மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. அவளிடம் பதிவேடு இருக்கிறது. கேட்டு வந்து படிவம் எழுதியவர்களின் பெயர், பொருள், கிடைத்ததா இல்லையா எல்லாம் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. பதினோரு வருடமாக அவள் அதில் எழுதியிருக்கிறாளே தவிர, ஒரு நாளாவது படித்ததில்லை. மறுநாள் மதியம், பஸ்கள் ஓய்ந்திருந்த நேரத்தில், போன வருடத்துப் பதிவேட்டை எடுத்து விரித்தாள். அந்த மனிதரின் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய எண்ணம்.

முதல் பக்கத்தில் இருபத்தைந்து பேர். கிடைத்தது பதினாறு பேருக்கு.

சரி, அந்த வாரம் நல்ல வாரம் போலிருக்கிறது என்று இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். பதினான்கு. மூன்றாம் பக்கம், பதினேழு. தப்பாக எண்ணுகிறோமோ என்று பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணினாள். மூன்று மதியம் ஆயிற்று முடிக்க. எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஐநூற்று மூன்று பேர் பொருளோடு திரும்பியிருந்தார்கள். நூற்றுக்கு அறுபத்திரண்டு! அடுத்தவன் எழுதியதாக இருந்தால் பொய்க்கணக்கு என்று தள்ளியிருப்பாள். எழுதியது அவளேதான், அதுவும் அழுத்தி அழுத்தி.

பிறகு எப்படி நமக்குப் பத்துப் பதினைந்து என்று தோன்றியது? இந்தக் கேள்விதான் அவளை அதிகமாக வாட்டியது. விடை தேடி அவள் எங்கும் போகவில்லை, ஜன்னலிலேயே கிடைத்தது. அன்று காலை ஒரு கல்லூரிப் பெண் வந்தாள், மூக்குக் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள், "தேங்க்ஸ்" என்றாள், ஓடிவிட்டாள். இரண்டு நிமிடம். அவளுக்குப் பின்னால் வந்த பெரியவருக்குக் குடை கிடைக்கவில்லை. குடை யார் வாங்கிக் கொடுத்தது, மருமகளுக்கு என்ன பதில் சொல்வது என்று அரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவள் மனதில் உட்கார்ந்திருந்தது பெரியவர்தான். கண்ணாடிக்காரியின் முகம் கூட நினைவில்லை. கிடைத்தவர்கள் எல்லாம் ஓடிவிடுகிறார்கள், கிடைக்காதவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்றும் உறைத்தது. 'கிடைக்காது' என்று கேட்டவுடன் படிவம் எழுதாமலே திரும்பியவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மாதக் கடைசி வியாழன் வந்தது. அன்று டெய்லரின் முறை. வழக்கமாகப் பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார். அறுபத்திரண்டு என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஆள் வரவில்லை. வராதீங்க என்று சொன்னதை யாரோ ஒருத்தராவது கேட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளால் முடியவில்லை.

மறுநாள் லாரி. கெடு முடிந்தவற்றைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். வேறு மாதமாக இருந்தால் அள்ளிப் போட்டு வாயைக் கட்டியிருப்பாள். இப்போது எண்ணும் வியாதி பிடித்துவிட்டதே, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பிள்ளைகள் நோட்டைத் தேடிக்கொண்டு வருவதே இல்லை. தொலைந்ததில் அவர்களுக்குச் சந்தோஷம். 'கணக்கு நோட்டு, பள்ளி' என்று அவளே சீட்டுக் கட்டிய ஒரு நோட்டு. பின் அட்டையில் வாய்ப்பாடு அச்சிட்டிருந்தது. பிரித்தால் பக்கம் பக்கமாக எண்கள். அவள் அன்றைக்கு அவ்வளவுதான் பார்த்திருக்கிறாள்.

இன்றைக்குப் படித்தாள். 'பேக்கரிக்காரர் — இடுப்பு 44, போன வருடம் 43. அவரிடம் சொல்ல வேண்டாம்.' 'பாங்க் மேடம் — கை இறுக்கம் ஆகாது.' 'மாடி வீட்டுப் பெரியவர் — வலது தோள் அரை அங்குலம் இறக்கம். படுத்தபடி எடுத்தது.'

அந்த டெய்லரின் அளவு நோட்டு! பை தனியாக எங்கோ போய்விட்டது, நோட்டு மட்டும் இங்கே வந்திருக்கிறது. ஆறு தடவை அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே நின்றார், ஆறு தடவையும் நோட்டு உள்ளே இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான், ஆனால் அலைந்தவர் அவர், வெண்ணெயை வைத்திருந்தவள் இவள். சீட்டில் தேதியைப் பார்த்தாள். தொண்ணூறு நாள் நேற்றோடு முடிந்திருந்தது. லாரிக்குக் கொடுக்காமல் எடுத்து ஒளித்து வைக்கலாம்தான். ஆனால் வராத ஆளுக்கு ஒளித்து வைத்து என்ன பயன்? வராதீங்க என்று சொன்னதும் இவள்தான், போன் நம்பர் வாங்காமல் விட்டதும் இவள்தான்.

கிடைக்காது என்று பழைய குரல் உள்ளே சொன்னது. அளவெடுத்தாயா என்று இன்னொரு குரல் கேட்டது.

நோட்டில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் போன் நம்பர்கள் இருந்தன. முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. பாங்க் மேடம், "எனக்கு லோன் வேண்டாம்" என்று பட்டென்று வைத்துவிட்டார். மூன்றாவது பேக்கரிக்காரர்.

"ஹலோ, நீங்க இடுப்பு நாப்பத்திநாலா?" பதற்றத்தில் அவளுக்கு இப்படித்தான் வாயில் வந்தது.

எதிர்ப்பக்கம் மாவு பிசையும் மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "யாரு, டாக்டரா பேசறது?"

"இல்லைங்க, பஸ் ஸ்டாண்டுல இருந்து. உங்க டெய்லரோட நோட்டு..."

"நாப்பத்திமூணு தானேம்மா என் இடுப்பு?"

ஒருவழியாக விஷயத்தைப் புரியவைத்து நம்பர் வாங்குவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. டெய்லர் போனை எடுத்தார், கேட்டார், உடனே வைத்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்க நின்றார்.

நோட்டை வாங்கி மாடி வீட்டுப் பெரியவரின் பக்கத்தைத் தேடி எடுத்து, அதில் கையை வைத்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். இருவரும் கொஞ்ச நேரம் வெட்கமில்லாமல் அழுதார்கள்.

"என் தப்புதான் சார். பள்ளிக்கூட நோட்டுன்னு போட்டு வெச்சுட்டேன்."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அது கிடக்கட்டும். எண்ணிப் பாத்தீங்களா?"

"நூத்துக்கு அறுபத்திரண்டு."

"அடேயப்பா! நான் பத்துல ரெண்டுன்னு நெனச்சேனே."

"ரெண்டுதான்னு நெனச்சா எதுக்கு இத்தனை தடவை வந்தீங்க?"

"ரெண்டு இருக்குல்ல?" என்றார் அவர், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற மாதிரி.

"அப்போ இன்னைக்கு ஏன் வரல?"

டெய்லர் கழுத்து டேப்பைச் சுருட்டினார், பிரித்தார். "நீங்க வராதீங்கன்னு சொல்லிட்டீங்களே மேடம். நானும் மனுஷன்தானே. எத்தனை நாளைக்கு..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு அந்த முடிக்காத வாக்கியம்தான். ஏனென்றால் அதே வாக்கியம் அவள் வீட்டிலும் எட்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறது. அவள் கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டினவர். அச்சகத்தை மூடிவிட்டார்கள். முதலில் வாரத்துக்கு ஒரு விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்து, "போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்பார். அவர் மனசு நோகக் கூடாதே என்று, ஆசையோடுதான், "கிடைக்காதுங்க, இந்த வயசுல யாரு எடுப்பா" என்பாள். நாலு மாதமாக அவர் எதையும் காட்டுவதில்லை. ஏமாற்றத்துக்குப் பழகிவிட்டார், நல்லதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்று கேட்டாள்.

"ஏங்க, விளம்பரம் எதையாவது வெட்டி வெச்சிருக்கீங்களா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். எதற்குக் கேட்கிறாள் என்று முகத்தைப் பார்த்தார். பிறகு மேல் தட்டில் டப்பாவுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். லேபிள் அச்சடிக்கும் கம்பெனி. மெஷின் ஓட்ட ஆள் தேவை, நேரில் வரவும். கூடவே விண்ணப்பம், அவருடைய முத்து முத்தான கையெழுத்தில், கடைசி வரி வரை நிரப்பி, கையெழுத்தும் போட்டு.

"இதை ஏன் கொடுக்கல?"

"நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். எனக்கே கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு." அவர் சிரிக்க முயன்றார். "அதுவும் கடைசி நாள் நேத்தே போயிடுச்சு. விடு."

அவள் அந்தக் கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பதினோரு வருடமாக ஊராருக்குச் செய்ததை வீட்டுக்குள்ளும் செய்திருக்கிறோம். இந்த மனிதர் படிவத்தை எழுதியும் வைத்துக்கொண்டு, ஜன்னல் வரை வராமலே நின்றிருக்கிறார்.

"நேத்துதானே?" என்றாள். "நேத்து முடிஞ்ச பொருள் இன்னைக்கும் அலமாரியிலதான் இருக்கும். லாரி வந்தாத்தான் போகும்."

"என்ன லாரி? எந்தப் பொருள்?"

"வழியில சொல்றேன். ஆபீஸ் ஆறு மணி வரைக்கும்னு போட்டிருக்கு, இப்போ நாலே முக்கால்தான்."

அவர் அந்தக் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு மாதமாக அவள் கேட்காத குரலில், பயந்து பயந்து கேட்டார்: "கிடைக்குமா?"

பழைய சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள். கிடைக்கும் என்று அள்ளி விடவும் அவளுக்கு மனசு வரவில்லை. அதையும் அவள் அளந்து பார்க்கவில்லையே.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "கேட்டுட்டு வருவோம். நானும் கூட வரேன்."

அவர் வெங்காயக் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேல் அழுத்தித் தேய்க்கிற சத்தம் கேட்டது.