எதிர் மேசைக்காரர்

கடைக்காரர் காலையிலேயே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நாளையிலேருந்து ஒரு வீடியோ கேம் மேசைக்குத்தான் இடம். இன்னொரு இடத்துல வாஷிங் மெஷின் வருது. மத்தியானம் டயாலிசிஸ் சென்டர் தலைமை நர்ஸ் வராங்க, நாற்காலிக்கு ஒரு கேம் பெட்டின்னு மொத்தமா வாங்கப் போறாங்க. யார்கிட்ட வாங்குறாங்களோ அவங்க இருக்கலாம். மத்தவங்க அவங்கவங்க கம்பெனியில பேசிக்குங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். சிவப்புச் சட்டைக்காரி எதிரே பார்த்தாள். நீலச் சட்டைக்காரன் காதிலேயே விழாதவன் போல டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு போட்டிக் கம்பெனிகள் கடையில் நிறுத்தியிருக்கும் விற்பனையாட்கள்; இங்கே இவர்கள் பெயரே சிவப்பு, நீலம் என்றுதான். இரண்டு கம்பெனிக்கும் அப்படியொரு பகை. சிவப்புப் பெட்டியின் டிஸ்க் நீலப் பெட்டியில் ஏறாது. நீலத்தின் கார்டு சிவப்பில் நுழையாது. ஒன்றை வாங்கிவிட்டால் கடைசிவரை அந்தக் கட்சிதான். வருகிறவர்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று திருதிருவென்று விழிப்பார்கள். அப்போது பார்க்க வேண்டுமே இந்த இருவரின் கூத்தை!

"மிஸ்டர் நீலம், உங்க பெட்டியில கார் ஓடுதா, இல்ல நடந்து போகுதா?" என்று இவள் குரல் கொடுப்பாள்.

"உங்க பெட்டி போடுற இரைச்சல்ல எங்க கார் ஹாரனே கேக்கல மேடம்" என்பான் அவன். வாட்ச்மேன் வாசலை விட்டுவிட்டு வந்து நின்று ரசிப்பார்.

இருவரும் புருஷன் பெண்டாட்டி என்பது அங்கே ஓர் ஈ காக்கைக்குத் தெரியாது. போட்டிக் கம்பெனியில் வீட்டு ஆள் இருப்பது தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். இரண்டு பக்கமும் அதே சட்டம். அதனால் வேறு வேறு பஸ், வேறு வேறு நேரத்தில் சாப்பாடு. டப்பாவில் இருப்பது மட்டும் ஒரே அடுப்பில் வெந்தது.

அவளுக்கு இந்த மேசை வெறும் வேலை இல்லை. முன்பு பார்த்த வேலைகளெல்லாம் அப்பா சொல்லி ஒன்று, மாமனார் சொல்லி ஒன்று என்று யாராவது பார்த்துக் கொடுத்தவை. இதுதான் அவளே போய், அவளே வாயாடி வாங்கியது. எதிரியின் பெட்டியை அவனைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அவளுடைய பெட்டியில் இருவரும் கார் ரேஸ் ஆடுவார்கள். எப்போதும் அவன்தான் தோற்பான். தோற்றவன் பாத்திரம் கழுவுவான். அதில் அவளுக்கு ஒரு மிதப்பு உண்டு, மறைப்பானேன்.

மத்தியானம் தலைமை நர்ஸ் வந்தார். கண்டிப்பான முகம், காலில் சத்தமே வராத செருப்பு. நேராகச் சிவப்பு மேசைக்குத்தான் வந்தார். அவள் காட்டாத வித்தை இல்லை. மழையில் கார் வழுக்கியது, சேறு தெறித்தது. நர்ஸ் அசந்துபோய்ப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலரை வலது கையில் மட்டும் வாங்கிக்கொண்டு, இடது கையை மேசைமேல் நீட்டி வைத்தார்.

"எங்க ஆளுங்க மணிக்கணக்கா மெஷினோட உக்காந்திருப்பாங்கம்மா. ஒரு கையில ஊசி இருக்கும், அதை அசைக்கவே கூடாது. மிச்சமிருக்கற ஒரு கையால ஆடணும். முடியுமா?"

அவள் கண் நீல மேசைக்குப் போனது. நீலப் பெட்டியின் கன்ட்ரோலர் நடுவில் இரண்டாகப் பிரியும். பாதியை ஒரே கையில் பிடித்து ஆடலாம். அதற்கென்றே கேம்கள் இருக்கின்றன.

"சிலது... ஆடலாம் மேடம்" என்று இழுத்தாள்.

"அங்கயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

போச்சு, எல்லாம் போச்சு. அவள் திரையைப் பார்க்கிற மாதிரி நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டார். அவன் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான். கட்டைவிரல் அதைப் பிரிக்கிற பின்பக்கப் பொத்தானுக்குப் போனது. போய், அழுத்தாமல் திரும்பி வந்தது.

"கஷ்டம்தான் மேடம். அங்க படமாவது நல்லா இருக்கு, அங்கயே வாங்கிக்குங்க."

நர்ஸ் திரும்பி வந்தார். "அங்கயும் முடியாதாம். அப்ப உங்களோடதே இருக்கட்டும், பில் போடுங்க."

ஜெயித்துவிட்டாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசு துள்ளியது. எதிரே பார்த்தாள். அவன் குனிந்து துணியை மடித்துக்கொண்டிருந்தான். அந்த முகம் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவப் போகும்போது வைத்துக்கொள்கிற அதே முகம். அவளுக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது.

அடுத்த மேசையைத் தொடக் கூடாது என்பது கடைச் சட்டம். விறுவிறுவென்று நடந்துபோய் அவன் கன்ட்ரோலரைப் பிடுங்கினாள். பொத்தானை அழுத்தி இரண்டாகப் பிரித்தாள்.

"ஏங்க, உங்களுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? இது பிரியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

பாதியை நர்ஸ் கையில் திணித்தாள். "இதான் மேடம் உங்களுக்கு. ஒரு கை போதும். இவர் சொன்னதை நம்பாதீங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. கன்ட்ரோலர் யாருக்கு வேண்டும்! எல்லோர் காதிலும் நின்றது அந்த 'ஏங்க'தான்.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "ஏம்மா, இவர் உனக்கு யாரு?"

பொய் சொல்லலாம்தான். நாக்கு எழவில்லை. "வீட்டுக்காரர்."

அவன் முகம் வெளுத்தது. ஒரு சம்பளம் போனது போதாதென்று இப்போது இரண்டும் போகப்போகிறதே! கடைக்காரர் வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்படிச் சண்டை போடுறவங்க புருஷன் பொண்டாட்டியாத்தான் இருக்கணும்னு இவன் எப்பவோ சொன்னான். நான்தான் நம்பல." பெருமூச்சு விட்டார். "கம்பெனிக்காரங்க கேட்டா எனக்கு எதுவும் தெரியாது. ஆனா பேச்சு பேச்சுதான். நீலம் இருக்கும், சிவப்பு எடுத்துரணும்."

நர்ஸ் அவள் தோளைத் தட்டிவிட்டு, நீலப் பெட்டிகளுக்குப் பில் போடச் சொன்னார். கடை மூடுகிற நேரத்தில் அவள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாக வந்து நின்றான்.

"உனக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும். நான் வேற எங்கயாவது பாத்துக்குவேன்னுதான்..."

"நான் கேட்டேனா?" அவள் ஒயரை இறுக்கிச் சுருட்டினாள். "எங்கப்பா குடுத்தாரு, உங்கப்பா குடுத்தாரு. இதையாவது நானே ஜெயிக்கலாம்னு பாத்தா, அதையும் நீங்களே தூக்கிக் குடுப்பீங்களா?"

அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கேட்கவே பயமாக இருந்தது.

"வீட்டுல கார் ரேஸ்ல தோத்தீங்களே. அதெல்லாம்?"

அவன் தரையைப் பார்த்தான். அந்தப் பதில் போதும். சுருட்டிய ஒயரை அவள் பிரித்தாள். திரும்ப டிவியில் செருகினாள். ஒரு கன்ட்ரோலரை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"ஒழுங்கா ஆடுங்க. விட்டுக்குடுத்தீங்கன்னா இன்னிக்கு வீட்டுக்கே வரமாட்டேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கார்கள் கிளம்பின. முதல் வளைவிலேயே அவன் அவளை ஓரத்துச் சுவரில் தள்ளிவிட்டுப் போய்விட்டான். அதன்பிறகு அவன் வண்டியை அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவள் பாதித் தூரம் வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. இவ்வளவு நன்றாக ஆடுவானா இந்த மனுஷன்!

விளக்கை அணைக்க வந்த வாட்ச்மேன் கையைச் சுவிட்சில் வைத்தபடி நின்றார். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை.

"இன்னொன்னு போடுங்க" என்றாள்.